குளிர்காலத்தில் எறும்புக் குடும்பம்: ஃப்ரிட்ஜா, அலமாரியா, சூட்டு விரிப்பா?

எறும்பு வளர்ப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பான லாசியஸ் நைஜரை வைத்து எழுதப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. அந்த இனத்து ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது, வளர்க்கவும் எளிது, ஆகவே எல்லோரும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்த அறிவுரையின் சாரம் இதுதான்: குளிர்கால உறக்கத்துக்காக நவம்பரில் 5 முதல் 8 டிகிரிக் குளிரில் ஃப்ரிட்ஜில் வை, மார்ச்சில் வெளியே எடு. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் இருக்கும் ஒருவர் இதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால், முதல் கோடை மழைக்குப் பின் நம் ஊர் ராணிகள் பறந்து புதுக்குடி போடும் பருவத்தில் தன் ராணியைக் குளிரில் பூட்டி வைத்திருப்பார்.

சரி, மாதத்தை மட்டும் மாற்றிக்கொண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. மாதம் மட்டுமல்ல, அந்த 5 டிகிரியும் வேறொரு மண்ணுக்கு உரியது.

எறும்பு காற்றில் உறங்குவதில்லை, மண்ணுக்குள் உறங்குகிறது. ஆழம் போகப் போக மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை நெருங்கும். பகல், இரவு, உறைபனி எதுவும் அங்கே பெரிதாக எட்டாது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை இரவுகளில் வெப்பம் சராசரியாக 4 டிகிரி வரை இறங்கும். சில காலைகளில் புல்தரை முழுதும் வெள்ளையாகக் கிடக்கும். ஆனாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி 16 டிகிரியை ஒட்டியது. ஆகவே நன்கு தோண்டப்பட்ட புற்றின் அடியறையில் ஜூலையிலும் 5 டிகிரி இருக்க வழியில்லை. டர்பன் கதையே வேறு. ஜூலையின் குறைந்தபட்சம் 11 டிகிரி அளவு, பகலில் 22, 23. ஆண்டுச் சராசரி 20 டிகிரியைத் தாண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கொல்லைப்புறத்தில் பிடித்த ராணியை 5 டிகிரியில் வைப்பது, அவளுடைய பாட்டிக்குப் பாட்டியும் காணாத குளிரில் வைப்பது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மூன்று வழிகளையும் எடைபோட வேண்டும். அதற்கு முன் உங்களிடம் இருப்பது எந்த எறும்பு என்று தெரியவேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது காம்போனோட்டஸ் மாகுலேட்டஸ். உடல் பழுப்பு, வயிற்றில் வெளிறிய புள்ளிகள், இரவில் நடமாட்டம். கொல்லையில் ஒரு பலகையைப் புரட்டினால் கண்ணில் படும் அதே பெரிய எறும்பு. இரண்டாவது மெஸ்ஸார் கேப்பென்சிஸ், கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியின் விதை பொறுக்கி எறும்பு. புற்று வாயில் உமி குவிந்து கிடப்பதை வைத்தே அடையாளம் சொல்லலாம். மூன்றாவது, யாரும் வளர்க்க நினைக்காமலே எல்லோர் வீட்டிலும் வளரும் பெருந்தலை எறும்பு, ஃபெய்டோலே மெகாசெபாலா. சுறுசுறுப்பானது, ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும், சிறு இடுக்கு கிடைத்தால் போதும், தப்பித்துவிடும்.

கேப் டவுன் பக்கத்து உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சமையலறையில் கோடு போட்டு நடக்கும் சிறிய பழுப்பு எறும்பு பெரும்பாலும் அர்ஜென்டினா எறும்பு. வெளியிலிருந்து வந்து, ஃபின்போஸ் என்ற கேப் பகுதிப் புதர்ச்செடிகளின் விதைகளை மண்ணில் புதைத்துவந்த உள்நாட்டு எறும்புகளைத் துரத்திய இனம் அது. அதை வளர்க்கவும் வேண்டாம், வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ராணியை அஞ்சலில் வரவழைப்பது எப்படி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உயிருள்ள எறும்பை அனுமதியின்றி இந்த நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். 2025 மே மாதம் கென்ய நீதிமன்றம், ஆயிரக்கணக்கான ராணி எறும்புகளைக் கடத்த முயன்ற இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் உட்பட நால்வருக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. அவர்கள் கடத்த முயன்றது கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய விதை பொறுக்கி எறும்பை. நம் கொல்லையில் கிடைப்பதே போதும். காப்புக்காடுகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜின் பலம் ஒன்றே ஒன்று: வெப்பநிலை நிலையாக இருக்கும். மின்வெட்டுக்குப் பயந்து அதை மறுப்பவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். நிரம்பிய ஃப்ரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்தால் இரண்டு, நான்கு மணி நேர மின்வெட்டில் உள்ளே பெரிய மாற்றம் நேராது. அதுவும் குளிர்ந்து கிடக்கும் எறும்புக்கு இரண்டு டிகிரி ஏறினால் ஒன்றும் ஆகாது.

உண்மையான சிக்கல்கள் வேறு. வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடும். பின்சுவரை ஒட்டிய இடம் சில நேரம் உறைநிலையையே தொடும். உள்ளே காற்று வறண்டது. எறும்புகள் குடியிருக்கும், ஒரு முனையில் நீர் தேக்கிய சோதனைக்குழாயில் நீர் தீர்ந்திருப்பதை மூன்று வாரம் யாரும் கவனிக்கமாட்டார்கள். போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை மீந்த ஆட்டிறைச்சிக் கறிச் சட்டிக்குப் பின்னால் ஒரு குழாய் நிறைய எறும்பு இருப்பதை வீட்டிலுள்ள எல்லோரும் ஏற்கவேண்டும். அது எளிதான காரியமல்ல.

நம் ஊர் இனங்களில் எதற்கும் சமையலறை ஃப்ரிட்ஜ் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. 10 முதல் 15 டிகிரிவரை வைக்கக்கூடிய சிறிய ஒயின் குளிர்ப்பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மெஸ்ஸாருக்கு அது மிகப் பொருத்தம். எறும்புக்காக அதை வாங்கப் போவது வீண் செலவு.

அலமாரி, அதாவது குளிர்ந்த அறை

என் ஓட்டு இதற்குத்தான், குறிப்பாக ஹைவெல்டில், அதாவது ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலத்தில். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் வீடு கட்டியவர்கள் கோடையை மட்டும் நினைத்துக் கட்டினார்களோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அங்கே ஜூலையில் வீட்டுக்குள் குளிரும். ஓட்டுத்தரை, மெல்லிய சுவர், மைய வெப்பமூட்டல் கிடையாது. வெயில் விழாத தெற்குப் பக்க அறையில் 12 முதல் 15 டிகிரி தானாகவே அமைந்துவிடும். எறும்புக்கு வேண்டியதும் அதுதான்.

கவனிக்க வேண்டியது பகலுக்கும் இரவுக்கும் உள்ள ஏற்ற இறக்கம். பகலில் ஜன்னல் வழியாக வெயில் பட்டு 20, இரவில் 8 என்று ஆடினால் எறும்புகள் உறங்கவும் மாட்டா, உண்ணவும் மாட்டா. உடலில் சேர்த்த கொழுப்பைச் சும்மா எரித்துக்கொண்டிருக்கும். வெளியில் நெருப்பில் சுடும் பிராய் விருந்துக்கு இறைச்சி எடுத்துப்போகும் கூலர் பாக்ஸ் ஒன்று போதும். அதற்குள் தண்ணீர் நிரப்பிய இரண்டு மூன்று பெரிய பாட்டில்களை வைத்து நடுவில் குழாயையோ சிறு கூட்டையோ வையுங்கள். தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே குளிர்வதால் ஆட்டம் அடங்கும். மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கிவிட வேண்டாம். கூடவே, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் பதிந்துவைக்கும் மலிவான வெப்பமானி ஒன்று. அது இல்லாமல் இந்த வழியில் இறங்கவேண்டாம். கையால் தொட்டுப் பார்த்து, சில்லென்றிருக்கிறது என்று சொல்வதெல்லாம் அளவாகாது.

டர்பனில் இதே ஏற்பாடு 16, 18 டிகிரியில் நிற்கும். காம்போனோட்டஸுக்கு அது போதுமா என்றால், போதும். எல்லா எறும்புகளும் ஒரே மாதிரி ஓய்வெடுப்பதில்லை. ரஷ்ய ஆய்வாளர் கிப்யாட்கோவ் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார். சில இனங்கள் ஆண்டு முழுதும் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சில, குளிர் வந்தால் மட்டும் நிறுத்தி, வெப்பம் திரும்பியதும் தொடங்கும். மூன்றாம் வகைக்கு உள்ளேயே ஒரு கடிகாரம். நீங்கள் எவ்வளவு சூடு கொடுத்தாலும், நாள் வந்ததும் ராணி முட்டையிடுவதை நிறுத்துவாள், முட்டையிலிருந்து வந்த எறும்புப் புழுக்கள் வளர்ச்சியை நிறுத்தும். குளிர்நாட்டு இனங்களில் இந்த மூன்றாம் வகை அதிகம், வெப்பநாட்டு இனங்களில் முதல் வகை. நம் கரையோரத்து எறும்புகளுக்கு லேசான தணிவே போதும் என்பதற்கும் பெருந்தலை எறும்புக்கு அதுகூட வேண்டாம் என்பதற்கும் காரணம் இதில் இருக்கிறது.

லெனேசியாவில் இருக்கும் என் அக்காள் மகன் போன குளிர்காலத்தில் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, ராணி அசையவே இல்லை. புழுவெல்லாம் மே மாதம் இருந்த அளவிலேயே இருக்கிறது. செத்துவிட்டதா?”

“குழாயை லேசாக ஊது. கொம்பு ஆடுகிறதா?”

“ஆடுகிறது.”

“அப்படியானால் மூடிவைத்துவிட்டு நீ போய்ப் படி.”

எறும்பு வளர்ப்பில் பாதிச் சேதம் இந்தக் கவலையால்தான் வருகிறது. தினமும் எடுத்துப் பார்ப்பது, வெளிச்சம் காட்டுவது, பாவம் பசிக்கும் என்று ஒரு மாவுப்புழுவைப் போட்டு அது அழுகிப் பூஞ்சணம் பிடிக்க விடுவது. பத்து நாளைக்கு ஒருமுறை நீர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சூட்டு விரிப்பு

ஊர்வன வளர்ப்பவர்களுக்காக விற்கும் சூட்டு விரிப்பை வாங்கி ஆண்டு முழுதும் 26 டிகிரியில் வைத்தால் கூட்டம் நிற்காமல் பெருகும் என்பது இந்த வழியின் கவர்ச்சி. பெருந்தலை எறும்புக்கு இது பொருந்தும். அதற்கு உறக்கம் தேவையில்லை; டர்பனிலேயே இருந்தால் விரிப்பும் பெரிதாகத் தேவைப்படாது.

காம்போனோட்டஸுக்கு ஒரே ஒரு நிலையில் மட்டும் பரிந்துரைப்பேன். மார்ச், ஏப்ரலில் ராணியிடம் நாலைந்து வேலைக்கார எறும்புகள்தான் இருக்கின்றன, சில கூட்டுப்புழுக்கள் இன்னும் திறக்கவில்லை என்றால், அவை வெளிவரும்வரை சூடு கொடுத்துவிட்டுப் பிறகு ஓய்வுக்கு அனுப்பலாம். நான்கு எறும்போடு குளிர்காலத்துக்குள் போகும் குடும்பம் நொண்டியாகவே வெளியே வரும்.

விரிப்பு எப்போதும் கூட்டின் ஒரு பக்கத்தில்தான் இருக்கவேண்டும். எறும்புகளே புழுக்களைத் தூக்கிக்கொண்டு தமக்கு ஏற்ற இடத்துக்குப் போகும். குழாயின் நீர்ப் பக்கத்துக்கு அடியில் வைத்தால் ஆவி படிந்து குழாய் முழுதும் நனைந்துவிடும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத விரிப்பு எறும்பு அவிக்கும் தட்டுதான். காம்போனோட்டஸின் உடலுக்குள் பிளாக்மானியா என்ற பாக்டீரியா குடியிருந்து அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் செய்துகொடுக்கிறது. நீண்டநாள் மிகைச்சூடு அந்தப் பாக்டீரியாவைக் குறைத்துவிடும். சூடு கூடினால் வளர்ச்சியும் கூடும் என்ற கணக்குக்கு எல்லை உண்டு.

மின்வெட்டு உண்மையில் உறுத்துவது இந்த வழியில்தான். உறங்கும் எறும்புக்கு இரவில் மின்சாரம் போனால் என்ன, வந்தால் என்ன. 26 டிகிரியில் புழு வளர்த்துக்கொண்டிருக்கும் கூடு ஹைவெல்டின் ஜூலை இரவில் சில மணி நேரத்தில் 10 டிகிரிக்கு இறங்கி, மின்சாரம் வந்ததும் மறுபடி ஏறுவது வேறு விஷயம்.

உணவில் எதைத் தேர்வது

உறக்கத்தைப் பற்றி முடிவெடுத்தவுடன் உணவு தானாகத் தெளிவாகிவிடும். அடிப்படை இது: வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. சாறு மட்டுமே உள்ளே போகும். அதை வயிற்றுக்கு முன்னாலுள்ள பையில் தேக்கிவைத்து வாயோடு வாய் மற்றவற்றுக்கு ஊட்டும். இறைச்சித் துணுக்கைச் செரிக்கிறவை புழுக்கள். ஆகவே இனிப்பு வேலைக்காரர்களுக்கு, புரதம் ராணிக்கும் புழுக்களுக்கும். புழு வளராத காலத்தில் புரதத்துக்கு வேலை குறைவு. குறைவென்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட: டுசுட்டூர், சிம்ப்சன் ஆகிய இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், புரதம் மிகுந்த உணவு மட்டுமே கிடைத்த எறும்புகள் இளமையிலேயே மடிந்தன.

இனிப்பில் சர்க்கரைத் தண்ணீரா தேனா என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர். கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சர்க்கரைக்கா பஞ்சம். தேன் விலை அதிகம், பிசுபிசுப்பில் சிறு எறும்பு ஒட்டிக்கொண்டு சாகும், நீர் கலந்தால் விரைவில் புளிக்கும். விரும்பினால் எப்போதாவது கொடுக்கலாம். ஒன்றை மட்டும் தவிருங்கள்: வீட்டில் நீரிழிவுக்காரருக்காக வாங்கிவைத்த மாற்றுச் சர்க்கரை. அவற்றில் பலவற்றில் இருக்கும் எரித்ரிட்டால் பழ ஈக்களைக் கொல்வதை 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எறும்பில் சோதித்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.

புரதத்துக்குக் கடையில் வாங்கும் மாவுப்புழு, சில்வண்டு, பழ ஈ எதுவும் சரி. மாவுப்புழுவின் தோல் தடிப்பு; வெட்டிப் போட்டால்தான் சிறு கூட்டத்துக்குப் பயன்படும். வெளியே பிடித்த பூச்சி இலவசம்தான், ஆனால் மருந்து அடித்த வீட்டுக் கரப்பானோ டொங்காட், வெருலம் பக்கத்துக் கரும்புக்காட்டு வெட்டுக்கிளியோ ஒரே வேளையில் கூட்டத்தையே முடித்துவிடும். எதுவானாலும் இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து, கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்துக் கொடுத்தால் உண்ணித் தொல்லை இராது.

பூச்சியைத் தொடவே கூசுபவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. பட்கர், விட்கோம்ப் ஆகியோர் 1970இல் வெளியிட்ட கலவை: ஒரு முட்டை, 62 மில்லி தேன், 1 கிராம் வைட்டமின்–தாது உப்புப் பொடி, 5 கிராம் அகர், அரை லிட்டர் தண்ணீர். அகர் என்பது வேறொன்றுமில்லை, பலூடா செய்ய வாங்கும் சைனா கிராஸ். பாதித் தண்ணீரில் அதைக் காய்ச்சிக் கரைத்து ஆறவிட்டு, மீதித் தண்ணீரில் முட்டை, தேன், பொடியை அடித்துக் கலந்து, இரண்டையும் சேர்த்து உறையவைக்க வேண்டும். துண்டு துண்டாக வெட்டி உறைபெட்டியில் சேமிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், இருந்தாலும் இதை மட்டுமே நம்பும் கூட்டைவிட, இடையிடையே உண்மையான பூச்சி கிடைக்கும் கூட்டில் புழுக்கள் திரட்சியாக இருப்பதைக் காணலாம்.

மெஸ்ஸாருக்குச் சமையலறை டப்பாவே போதும்: கேழ்வரகு, தினை, கசகசா, கிளிக்கு வாங்கும் தீவனம். வயலில் விதைப்பதற்காக விற்கும் விதையில் பூஞ்சணக்கொல்லி பூசியிருப்பார்கள்; அதை வாங்காதீர்கள். விதை வைக்கும் அறை வறண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். விதையை மென்று உருண்டையாக்கி உண்ணும் இந்த இனத்துக்கு இனிப்பில் நாட்டம் குறைவு. மாதத்துக்கு இரண்டு மூன்று பூச்சி கொடுங்கள். குளிர்காலத்தில் அதன் களஞ்சியத்தை நீங்கள் நிரப்பவே தேவையில்லை.

மாதக் கணக்காகச் சொன்னால்: ஏப்ரல், மே மாதங்களில் இனிப்பைத் தாராளமாகக் கொடுங்கள், வயிறு உப்பித் தோல் மடிப்புகளுக்கிடையே ஒளி தெரியும் அளவுக்கு. மே கடைசியில் புரதத்தை நிறுத்தி, மீதி உணவையெல்லாம் துப்புரவாக எடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குளிருக்கு மாற்றுங்கள். 15 டிகிரியில் இருப்பவற்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர். அதற்குக் கீழே நீர் மட்டும். கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் நம் எறும்புகள் ஆழ்ந்த ஓய்வில் இருக்கும். அது முடியும் ஆகஸ்ட் நடுவிலிருந்து வெளியே எடுக்கலாம், அதே மெதுவான கணக்கில். முதல் வாரம் இனிப்பு மட்டும். புழுக்கள் பருக்கத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு புரதம்.

அதாவது செப்டம்பர் நடுவில், சரியாகப் புரட்டாசி பிறக்கும்போது. வீட்டில் முட்டைகூட நுழையாத ஒரு மாதம் முழுதும் எறும்புகளுக்கு ஆண்டிலேயே அதிகமான புழுப்பசி. ஆகஸ்டிலேயே மாவுப்புழுவை வாங்கி, ஒளி புகாத டப்பாவில் அடைத்து, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள், அம்மாவோ பெரியம்மாவோ பச்சைப் பட்டாணி என்று நினைத்துத் திறந்துவிடாமல் இருக்க.